நான்கு நாள் என் பையில் இருந்த சீட்டு

தம்பி,

இதை உன் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ விமானம் ஏறி, அந்த நாட்டில் இறங்கி, முகாமில் உனக்குக் கொடுத்த கூடாரத்தில் பெட்டியைத் திறந்து படித்திருப்பாய். அதற்குள் நான் உனக்கு எட்டாத தூரத்தில் இருந்திருப்பேன். முப்பது வருஷமாக நான் செய்துவரும் கோழைத்தனத்தோடு அதுவும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அதனால் வேண்டாம் என்று விட்டேன். நீ கிளம்ப இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இதைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு உன் சித்தி வீட்டுக்குப் போகிறேன். படித்து முடித்த பிறகு கூப்பிடத் தோன்றினால் கூப்பிடு. தோன்றாவிட்டால் அதற்கும் நியாயம் உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை பாபநாசத்தில் உனக்கு நடந்த பாராட்டு விழாவிலிருந்து தொடங்குகிறேன். மைக்கைப் பிடித்தவர்கள் எல்லோரும் நம் ஊர் வழக்கப்படி ஆளுக்கு அரை மணி பேசினார்கள். நீ மட்டும் ஐந்து நிமிஷத்தில் முடித்தாய். "எங்கம்மா தோள்ல மருந்துப் பையைப் போட்டுக்கிட்டு அகதி முகாமுக்குப் போறதைப் பார்த்து வளந்தவன் நான். இன்னிக்கு நானும் ஒரு அகதி முகாமுக்கு வைத்தியம் பாக்கப் போறேன்னா, வழி காட்டினது அவங்கதான்" என்றாய். கைதட்டினார்கள். என்னை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். நீ என் காலில் விழுந்தாய். நான் உன்னைத் தூக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றதைப் பார்த்து, அம்மா உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். வெட்கம், தம்பி. உடம்பெல்லாம் கூசிக்கொண்டு வந்த வெட்கம். அந்தச் சால்வையை இன்னும் நான் மடித்து வைக்கவில்லை. நாற்காலிமேல் கிடக்கிறது.

நான் கிராமச் சுகாதாரச் செவிலியாக வேலைக்குச் சேர்ந்த கதை உனக்குத் தெரியும். நம் தெருவிலிருந்து அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். உன் தாத்தா பண்ணையில் ஏர் ஓட்டியவர், கூலிப் போராட்டத்தில் இரண்டு முறை உள்ளே போய் வந்தவர். ஆட்சி மாறும், கரை வேட்டிகளின் கரை மாறும், வயல் மட்டும் பண்ணையிடமே இருக்கும் என்று சொல்லிச் சிரிப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த சில வருஷத்தில்தான் குடமுருட்டிக் கரையில் மூடிக் கிடந்த பழைய அரிசி ஆலையில் முகாம் வந்தது. கடல் தாண்டி வந்த இலங்கைத் தமிழர்கள். நெல் கொட்டி வைத்த கிடங்கைச் சாக்குப் படுதாவால் தடுத்துத் தடுத்து, பத்துக்குப் பத்தில் ஒரு குடும்பமாக வைத்தார்கள். என் துணை நிலையத்தின் கீழ் ஏற்கெனவே நான்கு கிராமங்கள் இருந்தன. முகாம் ஐந்தாவதாக வந்து சேர்ந்தது. எனக்குச் சலிப்பாகத்தான் இருந்தது. சேவை என்றெல்லாம் அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அந்த வருஷம் சம்பா நடவின்போது நம் ஊரில் கூலிக்காக வேலைநிறுத்தம். நம் தெருப் பெண்கள் யாரும் வயலில் இறங்கவில்லை. நான்காம் நாள் பண்ணையின் ஆள் டிராக்டரில் முகாம் பெண்களைக் கூட்டிவந்து நாற்றைக் கையில் கொடுத்து இறக்கிவிட்டார். பாதிப் பேர் கடற்கரைக்காரர்கள், சேற்றில் காலை வைத்தே அறியாதவர்கள். இங்கே ஒரு போராட்டம் நடக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை. வரப்பில் நின்று பார்த்துவிட்டு வந்த உன் தாத்தா அன்று என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நம்ம வயித்துல அடிக்க வந்தவளுவளுக்கு நீ ஊசி போடப் போறியாம்மா?" அவர் பசியில் கேட்டார், அதை மன்னிக்கலாம். நான் சம்பளத்தில் இருந்துகொண்டே அந்தக் கேள்வியை மனசுக்குள் வைத்துப் பொத்திக்கொண்டேனே, அதற்கு என்ன சொல்ல? முகாமில் யாராவது மருந்து கேட்டால், இருந்தும் நாளைக்கு வா என்று சொல்ல ஆரம்பித்தது அப்போதுதான்.

அந்த டிராக்டரில் வந்தவர்களில் ஒருத்தி யோகம். உன் யோகம்மா.

அவளுக்கு அப்போது இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். மன்னார்ப் பக்கம். கணவன் ராசனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. படகில் வரும்போது ஐந்து வயது மகன் கண்ணன் கடலில் போய்விட்டான். மிஞ்சியது மகள் வதனி மட்டும். அந்தப் பிள்ளைக்கு முட்டியெல்லாம் வீங்கும், நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். நான் முகாமுக்குப் போகும் ஒவ்வொரு புதன்கிழமையும் யோகம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாள். அவர்கள் ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்பார்கள். "மிஸ்ஸி, இவளுக்கு நெஞ்சு படக்கு படக்கு எண்டு அடிக்குது. ஒருக்கா கைவைச்சுப் பாருங்கோ" என்பாள். கைவைத்துப் பார்த்தபோது எனக்கே பயமாக இருந்தது. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் ஆகும் என்று தெரிந்தது. ஆனால் அது கெடுபிடிக் காலம். முகாமை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் முகாம் அதிகாரியின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு நம் டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். அந்தச் சீட்டை வாங்கி வர வேண்டியவள் நான்.

இங்கே இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உனக்குப் புரியாது. உங்கள் காலத்தில் அது இல்லை. அப்போது குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு எங்களுக்கு டார்கெட் உண்டு. மார்ச் முடிவதற்குள் இத்தனை கேஸ் கொண்டுவர வேண்டும். கேஸ் என்றுதான் சொல்வோம், பெண் என்று சொல்ல மாட்டோம். குறைந்தால் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்பார்கள். இன்க்ரிமென்ட்டை நிறுத்துவார்கள், தண்ணி இல்லாத காட்டுக்கு மாற்றுவார்கள். உனக்கு அப்போது இரண்டரை வயது. உன் அப்பா பஸ்ஸில் கண்டக்டர், வாரத்தில் நான்கு நாள் வெளியூர். எனக்கு ஒரு கேஸ் குறைந்தது. நம் தெருச் செல்லம், எனக்கு நாத்தனார் முறை, மூன்று பிள்ளைக்காரி, வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். கடைசி வாரத்தில் வந்து அழுதாள். "அண்ணி, உளுந்து எடுக்குற நேரம். இப்பப் போயி படுத்தா எம் புள்ளைங்க என்னத்தத் திங்கும்? அடுத்த வருஷம் வர்றேன், சத்தியமா." எனக்கு மனசு இளகிவிட்டது. சரி, போ என்று சொல்லிவிட்டேன். நம் தெருப் பெண் அல்லவா.

அந்தத் திங்கட்கிழமை டாக்டரிடம் வதனிக்கான சீட்டில் கையெழுத்து வாங்கினேன். வாங்கிப் பைக்குள், தடுப்பூசி அட்டைகளுக்கு நடுவில் வைத்தேன். அப்போதே அவர், "என்னம்மா, உன் சென்டர்ல ஒரு கேஸ் இன்னும் நிக்குதே. வியாழக்கிழமை கடைசி ஆபரேஷன் கேம்ப்" என்றார். நிலையத்திலிருந்து முகாமுக்குச் சைக்கிளில் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில்தான் அந்த எண்ணம் வந்தது. எங்கிருந்தோ வந்தது என்று சொல்ல மாட்டேன். என்னிடமிருந்துதான் வந்தது.

யோகத்திடம் நான் மிரட்டிப் பேசவில்லை. மிரட்டியிருந்தால்கூட அவளுக்கு என்னைத் திட்ட ஒரு வழி இருந்திருக்கும். அவள் கொடுத்த வெறும் தேநீரைக் குடித்துக்கொண்டு, அக்கறையாகப் பேசினேன். இந்த நிலைமையில் இன்னொரு பிள்ளை வந்தால் என்ன செய்வாய் என்றேன். வியாழக்கிழமை ஒரு சின்ன ஆபரேஷன், இரண்டு நாளில் எழுந்துவிடலாம் என்றேன். அவள், "சீட்டு கிடைச்சதோ மிஸ்ஸி?" என்று கேட்டாள். "டாக்டர் இன்னும் கையெழுத்துப் போடலை. இதை முடிச்சிட்டேன்னா நான் சொல்லி உடனே வாங்கிடலாம், எனக்கும் கேக்க ஒரு முகம் இருக்கும்" என்றேன். சீட்டு என் பையில் இருந்தது. பை என் மடியில் இருந்தது. வதனி அரிசி மூட்டையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். படுத்தால் அவளுக்கு மூச்சு வராது.

கணவன் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாத ஒருத்திக்குக் குடும்பக் கட்டுப்பாடு. யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். யாரும் கேட்கவில்லை. விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். உயிருடன் இருக்கும் பிள்ளைகள் எத்தனை என்று ஒரு கட்டம் உண்டு. குறைந்தது இரண்டு பேர் இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆண் ஒன்று, பெண் ஒன்று என்று எழுதினேன். கணவர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் நானே ஒரு கிறுக்கல் கிறுக்கினேன். யோகம் பத்தாவது வரை படித்தவள். கையெழுத்துப் போடுவதற்கு முன் முழுவதையும் வாசித்தாள். அந்தக் கட்டத்தில் அவள் விரல் நின்றது. "கண்ணனையும் எழுதியிருக்கிறீங்கள், மிஸ்ஸி" என்றாள். அப்படித்தான் எழுத வேண்டும் என்றேன். அவள் இன்னொரு முறை அதைப் பார்த்தாள். பிறகு, "ஓம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை ஆபரேஷன் முடிந்தது. என் டார்கெட்டும் முடிந்தது. சாயங்காலமே சீட்டைக் கொடுத்தேன், அதிகாரியிடம் நானே நின்று அனுமதி வாங்கினேன். வெள்ளிக்கிழமை பக்கத்துத் தடுப்பிலிருந்த பெண் ஒருத்தி வதனியைத் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு போனாள். யோகத்தால் எழுந்திருக்க முடியவில்லை. பிள்ளை பிழைத்தது. இருதயத்தில் வால்வு பாதித்திருக்கிறது, மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி விடாமல் போட வேண்டும் என்றார்கள். அந்த ஊசிக்கு அவளை நான் ஒரு தடவைகூடத் தவறாமல் கூட்டிப் போனேன், மழையோ வெள்ளமோ. நீ பார்த்ததும், அன்று மேடையில் சொன்னதும் அதைத்தான். அது நடந்தது, பொய் இல்லை. ஆனால் அது எதன்மேல் போட்ட மண் என்று உனக்குத் தெரியாது.

அந்த வருஷம் மாவட்டத்தில் எனக்குச் சிறந்த பணியாளர் என்று ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். நம் கூடத்தில் மாட்டியிருக்கிறதே, அதுதான். அதைப் பார்த்துத்தான் நீ மணி பார்க்கக் கற்றுக்கொண்டாய்.

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் மாதம் யோகமே கேட்டாள். "தம்பியை ஏன் அக்கா வெயிலுக்குள்ள இழுத்துக்கொண்டு திரியிறீங்கள்? என்னட்ட விட்டுட்டுப் போங்கோ." அப்போதுதான் மிஸ்ஸி அக்காவானது. விட்டுவிட்டுப் போனேன். ஐந்து வருஷம் உன்னை அவள்தான் பகலெல்லாம் பார்த்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெயர் கூப்பிட்டபோது நீ 'உள்ளேன் ஐயா' என்பதற்குப் பதிலாக 'ஓம்' என்று சொல்லி வகுப்பே சிரித்ததை இன்றும் சொல்லிக் காட்டுவோம். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அவள் என் பிள்ளையை ஊட்டி வளர்த்தாள். அவளுக்கு இன்னொரு பிள்ளை வரும் வழியை நான் அடைத்து வைத்திருந்தேன். அந்தப் பழமொழி காதில் விழும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

பிறகு ராசன் வந்தார். உனக்கு ஆறு வயது, உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், தென்னை மட்டையில் படகு செய்து குடமுருட்டியில் விட்டுக் காட்டுவாரே. நான்கு வருஷம் எங்கெங்கோ கிடந்து, உயிரோடு வந்து சேர்ந்தார். முகாமே அழுதது. நானும் அழுதேன், ஆனால் என் அழுகை வேறு. யோகம் அவரிடம் ஆபரேஷனைப் பற்றிச் சொல்லவில்லை. வயிற்றுத் தழும்புக்குக் குடல்வால் என்று சொல்லியிருந்தாள். ஒரு புதன்கிழமை அவர் என் வரிசையில் வந்து நின்றார். ஆண்கள் யாரும் நிற்காத வரிசை அது. குரலைத் தாழ்த்தி, "அக்கா, எங்களுக்கு இன்னும் ஒண்டும் தங்கேல்ல. அந்தக் குடல் ஒப்பரேசனால ஏதும் பிழையோ?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் யோகம் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "அதெல்லாம் ஒன்னும் இல்லைங்க. ரத்தம் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்" என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்தேன். இரண்டு வருஷம் கொடுத்தேன். இருவருக்கும். ராசன் ஒரு வேளை தவறாமல் போட்டுக்கொண்டு, தீர்ந்ததும் காலி உறையைக் கொண்டுவந்து காட்டுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் மாத்திரையில் மறைத்தேன். திரும்பவும் கருக்குழாயைச் சேர்த்துவிட ஒரு ஆபரேஷன் இருக்கிறது, முயன்று பார்க்கலாம் என்பது எனக்குத் தெரியும். அதற்கு அனுப்பினால் பழைய விண்ணப்பத்தை எடுப்பார்கள். செத்த பிள்ளையை உயிரோடு எழுதியது யார் என்று கேட்பார்கள். அதனால் வாயைத் திறக்கவில்லை.

ராசன் மூன்று வருஷத்துக்கு முன்னால் இறந்தபோது நீ சென்னையிலிருந்து ஓடி வந்து அவர் பாடையைத் தூக்கினாய். கடைசிவரை அவருக்கு ஒன்றும் தெரியாது. அவரிடம் மன்னிப்புக் கேட்க நான் நினைத்தது அவர் போன மறுநாள். என் புத்தி அப்படித்தான் எப்போதும் ஒரு நாள் பிந்தி வரும்.

விழா முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, நான் முகாமுக்குப் போனேன். இப்போது சாக்குப் படுதா இல்லை, சின்னச் சின்ன ஓட்டு வீடுகள், ஆனால் வாசலில் ஆள் எண்ணுவது இன்னும் நடக்கிறது. யோகம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வதனி பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கப் போயிருந்தாள். நானும் உட்கார்ந்து ஒரு பிடிக் கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, கீரையைப் பார்த்துத்தான் சொன்னேன். திங்கட்கிழமையே சீட்டு வந்துவிட்டது, யோகம். நான்கு நாள் என் பையில் வைத்திருந்தேன் என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. "தெரியும் அக்கா" என்றாள். "அண்டைக்கு நீங்கள் கை கழுவ வெளியில போனனீங்கள். வதனிக்கு விசிற ஒரு அட்டை எடுப்பம் எண்டு உங்கட பையைத் திறந்தனான். சீட்டைக் கண்டனான். அவளின்ர பேர் இருந்தது. டொக்டரின்ர கையெழுத்தும் இருந்தது."

பிறகு ஏன் சம்மதித்தாய், கேட்டு வாங்கியிருக்கலாமே என்றேன். அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அந்த முகத்தில் தேடினேன்.

"நான் மாட்டன் எண்டு சொல்லியிருந்தா, நீங்கள் பிறகும் அந்தச் சீட்டைத் தந்திருப்பீங்களோ, தந்திருக்க மாட்டீங்களோ எண்டு எனக்குத் தெரியாது அக்கா. பிள்ளை அங்க மூச்சுக்கு அந்தரிச்சுக்கொண்டு இருக்கேக்க, நான் அதைச் சோதிச்சுப் பாக்க ஏலுமோ?"

தந்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன், தம்பி. முப்பது வருஷமாக நான் எனக்குச் சொல்லிக்கொண்ட ஆறுதல் அது ஒன்றுதான். அவள் மறுத்திருந்தாலும் வெள்ளிக்கிழமை கொடுத்திருப்பேன், நான் அவ்வளவு கெட்டவள் இல்லை என்று. அவள் முன்னால் அந்த வார்த்தை வரவில்லை. வராதபோதுதான் எனக்கே தெரிந்தது, அது எனக்கும் தெரியாது என்று.

மன்னிப்பு கேட்டேன். அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கீரையை அள்ளிச் சட்டியில் போட்டாள். நான் எழுந்தபோது மட்டும், "தம்பியிட்டச் சொல்லிப்போட்டீங்களோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "சொல்லுங்கோ. அவன் போறதும் எங்களை மாதிரி ஆக்களிட்டத்தானே" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம். நானாக எழுதினேன் என்று நினைத்துவிடாதே, அந்தப் பெருமையும் எனக்கு இல்லை.

நீ போகிற இடத்தில் உன் மேலதிகாரி எத்தனை பேருக்கு என்று கணக்குக் கேட்பார். சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் இவர்களுக்கு மட்டும் மருந்தா என்று முறைப்பார்கள். அவர்கள் முறைப்பதிலும் ஒரு நியாயம் இருக்கும், அவர்கள் பிள்ளைக்கும் காய்ச்சல் அடிக்கும், அவர்களையும் பார். ஆனால் ஒருத்தியைக் காப்பாற்ற இன்னொருத்தியை எடுத்துக் கொடுக்காதே. செல்லத்தின் மேல் எனக்கு வந்த இரக்கத்தை யோகத்தின் உடம்பிலிருந்து எடுத்தேன். அங்கே யாரும் உன்னை எதிர்த்துப் பேச மாட்டார்கள். சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவார்கள், தேநீர் கொடுப்பார்கள், உன் பிள்ளையைக்கூட வளர்த்துக் கொடுப்பார்கள். அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு மேடையேறிவிடாதே. உன்னைச் சோதித்துப் பார்க்க அவர்களுக்கு வசதி இல்லை, அவ்வளவுதான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை யோகம்மா உன்னைச் சாப்பிட வரச் சொன்னாள். மீன்குழம்பு வைப்பாளாம். போய்விட்டு வா. என்னைக் கூப்பிடவில்லை, நான் வரவும் மாட்டேன். கடிகாரத்தை நானே கழற்றி இறக்கிவிட்டேன். கூடத்துச் சுவரில் வட்டமாக ஒரு வெள்ளை அடையாளம் தெரியும், பார்த்துப் பதறாதே. இனி எங்கே பேசினாலும் வழி காட்டியது யார் என்று கேட்டால் அவள் பெயரைச் சொல். அப்புறம் ஒன்று. உன் பைக்குள் யாருக்காவது சேர வேண்டிய சீட்டு இருந்தால், உட்காருவதற்கு முன்னால் அதை எடுத்துக் கொடுத்துவிடு. பேச வேண்டியதை அதற்குப் பிறகு பேசு.

அம்மா